தேவாலயத்துக்குள் ஹோலோகாஸ்ட் நினைவுச் சிற்பம்: முதல் கூட்டத்திலிருந்து அர்ப்பண நாள் வரை

ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரில், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த புனித மரியாள் தேவாலயத்தின் வெளிச்சுவரில் ஒரு மணற்கல் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஏறத்தாழ 1290ஆம் ஆண்டு செதுக்கப்பட்டது. பன்றியின் மடியில் வாய் வைத்துப் பால் குடிக்கும் யூதர்களையும் அதன் வாலைத் தூக்கிப் பார்க்கும் ஒரு ரபியையும் (யூத சமய குரு) அது காட்டுகிறது. யூத மக்களை இழிவுபடுத்துவதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் கிடையாது. 1543இல் லூதர் தம் கைப்பட எழுதிய யூத வெறுப்பு நூல் ஒன்றில் இந்தச் சிற்பத்தை ரசித்து விவரித்தார். அந்த நூலின் சொற்கள் பின்னர் சிற்பத்தின் மேலேயே பொறிக்கப்பட்டன.

1988 நவம்பரில், 1938இல் ஹிட்லரின் நாஜிகள் யூத வழிபாட்டுக் கூடங்களைக் கொளுத்திய இரவின் ஐம்பதாம் ஆண்டு நினைவையொட்டி, இதற்குக் கீழே தரையில் சிற்பி வீலண்ட் ஷ்மீடல் செய்த வெண்கல நினைவுச் சின்னம் பதிக்கப்பட்டது. நான்கு பலகைகள் எதையோ மூடி அழுத்தப் பார்க்கின்றன. அடியில் இருப்பது பொங்கி, பலகைகளின் இடுக்கு வழியே சிலுவை வடிவில் வெளியே வருகிறது. சுற்றிலும் உள்ள வாசகம், கடவுளின் திருப்பெயர் ஆறு மில்லியன் யூதர்களில், ஒரு சிலுவை அடையாளத்தின் கீழ் இறந்தது என்று சொல்கிறது. பழைய சிற்பத்தை அகற்றக் கோரிய வழக்கு ஜெர்மனியின் உச்ச நிலைக் குடிமையியல் நீதிமன்றம் வரை போனது. தரையிலுள்ள நினைவுச் சின்னமும் விளக்கப் பலகையும் அந்த அவமானச் சின்னத்தை எச்சரிக்கைச் சின்னமாக மாற்றிவிட்டன என்று கூறி, 2022 ஜூன் 14 அன்று நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. அந்தத் தீர்ப்பை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய வாதத்திலும் வலு இருக்கிறது.

பூங்காவிலோ ரயில் நிலையத்திலோ வைக்கும் நினைவுச் சின்னத்துக்கு இல்லாத பாரம் தேவாலயத்தில் வைப்பதற்கு உண்டு. அங்கே கட்டடமே சாட்சிக் கூண்டில் நிற்கிறது. ஆறு மில்லியன் யூதர்களை நாஜிகள் கொன்றதே ஹோலோகாஸ்ட். அந்த இனவெறி அவர்களுடையது. ஆனால் அது வேர்பிடித்த மண்ணைப் பல நூற்றாண்டுகளாகப் பதப்படுத்தியது கிறிஸ்தவப் பிரசங்க மேடை. ஆகவே தேவாலயத்தில் ஒரு ஹோலோகாஸ்ட் சிற்பத்தை அர்ப்பணிப்பது என்றால், முதலில் அது அந்தச் சபையின் ஒப்புதல் வாக்குமூலம். இறந்தவர்களுக்குச் செய்யும் அஞ்சலி அதற்குப் பிறகுதான் நேர்மையாக இருக்க முடியும். கீழே சொல்லப்போகும் எல்லா வேலைகளின் வரிசையும் இதிலிருந்தே பிறக்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் ஜெர்மன் நகரங்களிலும் உள்ள பங்குகளில், சபைகளில் தமிழ்க் குடும்பங்களும் உறுப்பினர்களாக இருக்கின்றன. நீங்கள் உட்காரும் குழுவின் மேசைக்கே இப்படி ஒரு திட்டம் வரக்கூடும்.

1. சிற்பியைத் தேடும் முன் பதிவேடுகளைத் திறங்கள்

பெரும்பாலான குழுக்கள் சிற்பத்தின் படத்தை வைத்துக்கொண்டுதான் முதல் கூட்டத்தையே தொடங்குகின்றன. அதைத் தள்ளி வையுங்கள். 1933 முதல் 1945 வரை இந்தத் தேவாலயத்தில் என்ன நடந்தது என்பதே முதல் கேள்வி. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் தேவாலயம் என்றால் கேள்வியைச் சற்று மாற்றுங்கள்: அகதிகள் வந்தபோது இந்தச் சபை என்ன செய்தது? யூதர்களைப் பற்றி இந்த மேடையிலிருந்து என்ன போதிக்கப்பட்டது?

ஜெர்மனியில் இந்தக் கேள்வி நேராகத் திருமுழுக்குப் பதிவேட்டில் போய் முட்டும். யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்க 1933 ஏப்ரலில் வந்த அரசு ஊழியர் சட்டத்துக்குப் பிறகு, தாம் 'ஆரியர்' என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை லட்சக்கணக்கானோருக்கு வந்தது. நாடு முழுவதற்குமான குடிமைப் பதிவு 1876இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய தாத்தா பாட்டிகளின் பிறப்புக்குச் சான்று தேவாலயப் பதிவேடுகளில் மட்டுமே இருந்தது. பங்கு அலுவலகங்கள் அந்தச் சான்றுகளை எழுதி எழுதிக் கொடுத்தன. யார் யூத வம்சாவளி என்று பிரித்தெடுக்கும் வேலை தேவாலய மேசைகளிலும் நடந்தது. உங்கள் சபையின் அலமாரியில் அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் இருக்கலாம்.

ஞானஸ்நானம் பெற்ற யூதர்களுக்கு நடந்ததையும் தேடுங்கள். 1941 செப்டம்பரில், யூதர் என்று அடையாளம் காட்டும் மஞ்சள் நட்சத்திரத்தை அணிவது கட்டாயமானது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று சாக்சனி, துரிங்கியா, மெக்லன்பர்க் உள்ளிட்ட ஏழு புராட்டஸ்டன்ட் மாநிலத் திருச்சபைகள், யூதக் கிறிஸ்தவர்களுக்குத் தங்கள் திருச்சபையில் இடமில்லை என்று அறிவித்தன. ஞாயிறுதோறும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவரை நட்சத்திரத்தோடு வாசலில் நிறுத்திய சபைகள் இருந்தன. பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதியிலோ, நாற்பதுக்கும் மேற்பட்ட சபைகள் சேர்ந்து, தங்கள் கல்லறைத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காக ஒரு கட்டாய உழைப்பு முகாமையே நடத்தின.

நல்லதும் கிடைக்கும். பெர்லின் புனித ஹெட்விக் பேராலயத்தின் பாதிரியார் பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க், 1938 நவம்பருக்குப் பிறகு யூதர்களுக்காக வெளிப்படையாக மன்றாடினார், 1941இல் கைதானார், 1943 நவம்பரில் டாக்காவ் முகாமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் இறந்தார். இப்படி ஒருவர் உங்கள் சபையிலும் இருந்திருந்தால் அவரைப் பற்றி எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒரு நல்லவரின் நிழலில் மற்ற எல்லாருடைய மௌனத்தையும் ஒளித்துவைக்கும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பெயர்களைத் தேட மூன்று இடங்கள் முக்கியம். எருசலேமின் யாட் வஷேம் நிறுவனத்தின் இணையத் தரவுத்தளத்தில் 48 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகம், நாஜிகளால் துன்புற்ற ஏறத்தாழ 1.75 கோடிப் பேரைப் பற்றிய ஆவணங்களை வைத்திருக்கிறது. ஜெர்மனியில் வாழ்ந்தவர்களுக்கு அந்நாட்டுக் கூட்டரசு ஆவணக் காப்பகத்தின் நினைவு நூல் இருக்கிறது. ஊர் வாரியாகத் தேடலாம். மூன்றிலும் ஒரே நபரின் பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வரும். எது எங்கே கிடைத்தது என்று அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். வெண்கலத்தில் வார்த்த பிறகு எழுத்துப்பிழையைத் திருத்துவது மிகக் கடினம்.

2. இறந்தவர்களின் சமூகத்தை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள்

எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, அழைப்பிதழோடு யூதச் சமூகத்திடம் போவது பல சபைகளின் வழக்கம். பெரும்பாலான மனவருத்தங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. உள்ளூர் யூதச் சபை, அந்த ஊரிலிருந்து தப்பியவர்களின் வழித்தோன்றல்கள், ஒரு வரலாற்றாய்வாளர் ஆகியோர் திட்டம் வெள்ளைத்தாளாக இருக்கும்போதே மேசையில் இருக்க வேண்டும். "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு, போலந்து மண்ணிலிருந்த நாஜிக் கொலை முகாமான ஆவுஷ்விட்ஸ் பதில் சொல்லும். 1984இல் கார்மல் சபைக் கன்னியர்கள் முகாமின் எல்லையை ஒட்டிய கட்டடத்தில் மடம் அமைத்தார்கள். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதே அவர்கள் நோக்கம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே கொல்லப்பட்ட சுமார் 11 லட்சம் பேரில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் யூதர்கள். அவர்களுடைய மக்களைக் கேட்காமல் அந்த மண்ணில் கிறிஸ்தவ ஜெபக்கூடம் எழுந்தது உலகெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. இடம் மாற 1987இல் உடன்பாடு ஏற்பட்டும், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நேரடியாகச் சொன்ன பிறகு 1993இல்தான் அவர்கள் வெளியேறினார்கள். அங்கே நின்ற ஒற்றைப் பெருஞ்சிலுவையைக் காப்பதாகச் சொல்லி 1998இல் சிலர் நூற்றுக்கணக்கான சிறு சிலுவைகளை நட்டார்கள். 1999 மே மாதம் சிறியவை அகற்றப்பட்டன. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு இல்லை.

இன்னொன்றையும் இந்தக் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். சமய ஒழுக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூதர்கள் பலர் தேவாலயத்துக்குள் நுழையமாட்டார்கள். அது அவமதிப்பு இல்லை. அவர்களுடைய சமயச் சட்டம். அவர்கள் உள்ளே வராமலேயே பங்கேற்க முடிகிற இடமும் நிகழ்வும் திட்டத்தில் இருந்தாக வேண்டும்.

3. அனுமதிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்துத் திருச்சபையில் நிரந்தரமாக ஒரு சிற்பம் வைக்க, 'ஃபேக்கல்டி' எனப்படும் திருச்சபைச் சட்ட அனுமதி வேண்டும். சபைக் குழுவின் தீர்மானம், மறைமாவட்ட ஆலோசனைக் குழுவின் கருத்து, 28 நாள் பொது அறிவிப்பு, பிறகு மறைமாவட்டச் சட்ட நீதிபதியின் முடிவு என்பது வரிசை. கத்தோலிக்கத் தேவாலயம் என்றால் ஆயரின் அலுவலகமும் மறைமாவட்டக் கலைக் குழுவும். ஜெர்மனியில் திருச்சபைக் கட்டட அலுவலகத்தோடு பெரும்பாலும் அரசின் பாரம்பரியப் பாதுகாப்புத் துறையும் சேரும். முதல் கூட்டத்திலிருந்து திறப்பு வரை இரண்டு ஆண்டுகளாவது ஆகும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. இடம்

பீடத்துக்கு அருகே வைத்தால் மரியாதை என்று எண்ணுவார்கள். நான் எதிர்ப்பேன். பீடத்துக்கு மேலே சிலுவையில் தொங்கும் உருவம் இருக்கிறது. அதன் அருகே நிற்கும் எந்தச் சிற்பமும் பார்ப்பவர் கண்ணில் இயேசுவின் பாடுகளோடு சேர்ந்துவிடும். யூதக் குழந்தைகளின் கொலை கிறிஸ்தவ மீட்புக் கதையின் ஓர் அத்தியாயமாகிவிடும். ஹோலோகாஸ்டில் கொல்லப்பட்ட ஆறு மில்லியன் யூதர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள். அவர்கள் எதற்காகவும் தங்களை ஒப்புக்கொடுக்கவில்லை, பிடுங்கிக் கொல்லப்பட்டார்கள்.

மெழுகுவர்த்தி ஏற்றும் மேடைகளின் பக்கமும் வேண்டாம். கரி படியும், புனிதர் சிலை என்று நினைத்து வணங்கவும் செய்வார்கள். ஞானஸ்நானத் தொட்டியின் அருகாமை மிகவும் புண்படுத்தும். கட்டாய மதமாற்றத்தின் நினைவு யூத வரலாற்றில் ஆழமானது.

எனக்குப் பிடித்த இடம் வாசல் மண்டபம், அல்லது தேவாலயத் தோட்டம். உள்ளே வரும் ஒவ்வொருவரும் கடந்துதான் போக வேண்டும். உள்ளே வர விரும்பாதவரும் வெளியிலேயே நின்று பார்க்கலாம். நவோமி பிளேக் என்ற சிற்பி 1924இல் முக்காச்செவோவில் பிறந்து, ஆவுஷ்விட்ஸிலிருந்து தப்பிப் பிழைத்து, பிரிட்டனில் வாழ்ந்து 2018இல் மறைந்தவர். அவருடைய 'அகதி' சிற்பம் பிரிஸ்டல் பேராலயத் தோட்டத்தில் இருக்கிறது. 'புகலிடம்' லண்டன் ஆல்ட்கேட் பகுதியின் புனித போட்டால்ஃப் தேவாலயத்துக்கு வெளியே இருக்கிறது. முகாமிலிருந்து மீண்டவர் ஒருவர் கிறிஸ்தவத் தேவாலயத்தின் மண்ணில் தம் கையால் அகதியைப் படைத்து வைத்திருப்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

பழைய அவமானச் சிற்பம் ஏதேனும் உங்கள் கட்டடத்திலேயே இருந்தால், புதியதை அதன் எதிரிலேயே, இரண்டும் ஒரே பார்வையில் படும்படி வையுங்கள். ஐரோப்பாவின் பல பேராலயங்களின் வாசலில் இரண்டு பெண் சிலைகள் நிற்பதைக் கவனித்திருக்கலாம். ஒருத்தி முடிசூடிய திருச்சபை. மற்றவள் கண் கட்டப்பட்டு, முறிந்த ஈட்டியோடு தலைகுனிந்து நிற்கும் யூத சமயம். ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் இருப்பவை புகழ்பெற்றவை. கலையழகு மிகுந்தவை என்பதால் அவற்றின் கொடுமை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள புனித யோசேப்பு பல்கலைக்கழகம், யூதர்கள் மீதான பழியை மறுத்த வத்திக்கான் அறிக்கையின் ஐம்பதாம் ஆண்டில், இதே இருவரையும் சிற்பி ஜோஷுவா காஃப்மன் மூலம் புதிதாகச் செய்வித்தது. இருவர் தலையிலும் கிரீடம். ஒருத்தி யூத மறைநூலான தோராவின் சுருளையும் மற்றவள் கிறிஸ்தவ மறைநூலையும் ஏந்தி, ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஆசீர்வதித்தார். அது ஹோலோகாஸ்ட் சின்னம் அல்ல. ஆனால் பழைய கல்லுக்குப் புதிய வெண்கலத்தால் எப்படிப் பதில் சொல்லலாம் என்று கற்க நல்ல பாடம்.

5. உருவமும் உலோகமும்

எலும்பும் தோலுமான உடல்கள், முள்வேலி, புகைபோக்கி: இவைதான் எல்லார் மனத்திலும் முதலில் வரும். முகாமில் அவமானப்படுத்தப்பட்ட உடலை மீண்டும் ஒருமுறை எல்லார் பார்வைக்கும் வைப்பது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதையா என்று குழுவில் கேளுங்கள். யூத மரபில் உருவச் சிலைகள் குறித்த தயக்கமும் உண்டு; வழிபாட்டுக் கூடத்தில் மனித உருவச் சிற்பம் இருக்காது. இல்லாமையைக் காட்டும் உருவங்கள், எழுத்துகள், திறந்துகிடக்கும் இடைவெளிகள் ஆகியவற்றில் வேலை செய்யும் சிற்பிகளை நான் முதலில் பார்ப்பேன். சிலுவை, உயிர்த்தெழுதல், முள்முடி எதுவும் சிற்பத்தில் வரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சிலுவை வந்தால், விட்டன்பெர்க்கில் போல, குற்றச்சாட்டாக மட்டுமே வரலாம்.

டாக்காவ் முகாம் நிலத்தில் 1967இல் திறக்கப்பட்ட புராட்டஸ்டன்ட் ஒப்புரவுத் தேவாலயத்தைப் பாருங்கள். முகாமின் கொட்டடிகள் எல்லாம் நேர்க்கோடுகள், செங்கோணங்கள். அந்த ஒழுங்கே கொலையின் ஒழுங்கு. கட்டடக் கலைஞர் ஹெல்முட் ஸ்ட்ரிஃப்ளர் அதை மறுத்து, செங்கோணத்தைத் தவிர்த்து, தரைக்குக் கீழே படிகளில் இறங்கிப் போகும்படி அதை அமைத்தார். ஃப்ரிட்ஸ் கூன் செய்த இரும்புக் கதவில் "உமது செட்டைகளின் நிழலிலே" என்று வரும் 57ஆம் சங்கீதத்தின் வரி பல மொழிகளில் இருக்கிறது. அங்கே வடிவமே பேசுகிறது.

முழுச் சபையும் கைபோட்டுச் செய்யும் வழியும் ஒன்று இருக்கிறது. இந்த வழிகாட்டியில் நான் மிகவும் நம்பும் பகுதி இது. 1940 அக்டோபர் 22 அன்று தென்மேற்கு ஜெர்மனியின் பாடன், ஃபால்ஸ், சார் பகுதிகளிலிருந்து 6,500க்கும் மேற்பட்ட யூதர்கள் பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள கூர்ஸ் முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். பலர் 1942இலிருந்து ஆவுஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொல்லப்பட்டார்கள். பாடன் பகுதியின் கிறிஸ்தவ இளைஞர் அமைப்புகள், மக்கள் இழுத்துச் செல்லப்பட்ட ஒவ்வோர் ஊரிலும் இளைஞர்களைக் கூட்டின. அவர்களே ஆவணங்களைத் தேடினார்கள், முதியவர்களைக் கேட்டார்கள், பிறகு ஊருக்கு இரண்டு நினைவுக் கற்கள் வடித்தார்கள். ஒன்று அந்த ஊரில் நிற்கும். இன்னொன்று நெக்கர்சிம்மர்ன் என்ற இடத்தில், தரையில் பதித்த பெரிய தாவீது நட்சத்திரத்தின் (யூதர்களின் ஆறுமுனைச் சின்னம்) மேல் மற்ற ஊர்களின் கற்களோடு சேரும். அந்த மைய நினைவிடம் 2005இல் திறக்கப்பட்டது. கற்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. சில அழகு, சில கரடுமுரடு. பதினாறு வயதில் தன் தெருவில் யார் வீட்டுக் கதவு தட்டப்பட்டது என்று கண்டுபிடித்தவர், பிறகு ஹோலோகாஸ்ட் நடக்கவே இல்லை என்னும் எந்த மறுப்புவாதியின் பேச்சுக்கும் எளிதில் மயங்கமாட்டார். பெரிய சிற்பிக்குப் பணம் இல்லையே என்று தவிக்கும் சபைக்கு இதுவே முன்மாதிரி.

வெண்கலத்தைத் தேர்ந்தெடுத்தால் மெழுகில் உரு செய்து, அதை உருக்கி வெளியேற்றி, உலோகம் வார்ப்பார்கள். சுவாமிமலைப் பட்டறைகளில் நடப்பதும் அடிப்படையில் இதுவேதான். ஆனால் அங்கே தெய்வ உருவங்கள் பொதுவாகக் கனமாக, உள்ளே திடமாக வார்க்கப்படும். ஆளுயர நினைவுச் சிற்பங்கள் உள்ளீடற்றவை. சுவர்த் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அப்படியும் ஆளுயர உருவம் ஒன்று 150 முதல் 250 கிலோ வரை இருக்கும். பீடக்கல் தனி எடை.

ஒப்பந்தத்தில் விட்டுவிடக்கூடாதவை: பல ஐரோப்பிய நாடுகளில் படைப்பின் மீதான உரிமை சிற்பி இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். பிற்காலத்தில் இடம் மாற்றலாமா, பழுது பார்ப்பது யார், படம் அச்சிடும் உரிமை யாருக்கு, தேவாலயம் மூடப்பட்டால் சிற்பம் யாரிடம் போகும் ஆகியவற்றை எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் தேவாலயங்கள் விற்கப்படுவது இன்று சாதாரணம் என்பதால் கடைசிக் கேள்வி அதிமுக்கியம்.

6. வாசகம்

சிற்பத்தைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். பார்ப்பவர் மனத்தில் சிற்பம் எதைச் சொன்னது என்று தீர்மானிப்பது பலகையிலுள்ள சில வரிகள்.

"போரில் உயிரிழந்த அனைவருக்கும்", "வன்முறைக்குப் பலியான எல்லாருக்கும்" என்ற வகை வாசகங்களை நான் ஏற்கமாட்டேன். எல்லாரையும் சொல்வது போல் தோன்றி, யாரையும் சொல்லாமல் தப்பிக்கும் வழி அது. 1945 அக்டோபரில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் வெளியிட்ட புகழ்பெற்ற குற்ற அறிக்கையிலேயே யூதர் என்ற சொல் இல்லை. யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று எழுதுங்கள். 'ஜிப்சிகள்' என்று இழிவாக அழைக்கப்பட்ட ரோமா, சிந்தி மக்களும் உங்கள் ஊரிலிருந்து கொண்டுபோகப்பட்டிருந்தால் அவர்களையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வினைச்சொல்லைக் கவனியுங்கள்: 'மறைந்தார்கள்', 'உயிர் நீத்தார்கள்' என்பவை கொலைகாரனை வாக்கியத்திலிருந்து வெளியேற்றிவிடுகின்றன. 'கொல்லப்பட்டார்கள்' என்றே இருக்கட்டும். யாரால், எந்த ஆண்டில், எங்கே என்பதும் இருக்கட்டும். அடுத்து, இந்தச் சபை என்ன செய்தது அல்லது செய்யத் தவறியது என்று ஒரு வரி. குழுவில் சண்டை வருவது இந்த வரிக்காகத்தான். வரட்டும், அந்தச் சண்டையைத் தவிர்த்த பலகைகள் பயனற்றவை.

மறைநூல் வசனம் வேண்டுமென்றால் எபிரேய மறைநூலிலிருந்தே, இரு சமயத்தாருக்கும் பொதுவானதை எடுங்கள். விட்டன்பெர்க்கில் 130ஆம் சங்கீதத்தின் தொடக்கம் எபிரேயத்தில் இருக்கிறது: "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." ஆதியாகமத்தில் காயீனிடம் கேட்கப்படும் "உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது" என்பது தேவாலயத்துக்கு இன்னும் பொருத்தம், குற்றம் சாட்டப்படுபவன் அங்கே சகோதரன். 'மன்னிப்பு', 'ஒப்புரவு' என்ற சொற்களைப் பலகையில் போடாதீர்கள். அவற்றை வழங்கக்கூடியவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். எபிரேய எழுத்துகளை அந்த மொழி நன்கு தெரிந்த இருவராவது அச்சுக்கு முன் சரிபார்க்க வேண்டும். வலமிருந்து இடமாக எழுதும் மொழியைக் கணினி தலைகீழாக்கிவிடுவது அடிக்கடி நேர்கிறது.

7. பொருத்தும் வேலை

பழைய தேவாலயத் தரைக்கு அடியில் கல்லறைகளும் வெற்றிடங்களும் வெப்பக் குழாய்களும் இருக்கக்கூடும். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பிறகுதான் சிற்பத்தின் பீடக்கல்லை வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளால், பின்னாளில் கழற்றக்கூடிய வகையில் பொருத்தச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் வாசகத்தைப் படிக்கும் உயரம், கூர்முனைகளில் குழந்தைகள் மோதாத இடைவெளி, காப்பீடு ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும். திறப்புக்குச் சில வாரம் முன்பே நிறுவிவிட்டுத் துணியால் மூடிவையுங்கள். தப்பிப் பிழைத்தவர்களோ குடும்பத்தினரோ விரும்பினால், கூட்டத்துக்கு முன் அவர்கள் மட்டும் தனியாக வந்து பார்க்க ஒரு மாலை ஒதுக்குங்கள். அழுகையைப் பலர் முன் அடக்கும்படி யாரையும் வைக்கக் கூடாது.

8. அர்ப்பண நாள்

ஜனவரி 27 ஆவுஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட நாள், 2005இல் ஐ.நா. அதை உலக நினைவு நாளாக அறிவித்தது. நவம்பர் 9 யூத வழிபாட்டுக் கூடங்கள் எரிந்த இரவு. இவற்றைவிட, உங்கள் ஊரிலிருந்து ரயில் புறப்பட்ட தேதியே சிறந்தது என்பேன். எந்தத் தேதியானாலும், யூதர்களின் ஓய்வுநாளான வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரையிலும், யூதப் பண்டிகை நாட்களிலும் வைக்காதீர்கள். யூத நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால் பண்டிகைகள் ஆண்டுதோறும் நகரும்; ரபியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஞாயிறு திருப்பலிக்குள்ளோ திருவிருந்து ஆராதனைக்குள்ளோ இதைச் செருக வேண்டாம். யூத விருந்தினர்கள் பங்கேற்க முடியாத சடங்கின் நடுவே அவர்களுடைய இறந்தோரை நினைப்பது முறையல்ல.

நிகழ்வை வெளியில் தொடங்குங்கள். சபைத் தலைவர் அல்லது போதகர் முதலில் பேச வேண்டும். பதிவேடுகளில் கண்டதைச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் போதும், ஆனால் தேதிகளோடு. பிறகு துணியை விலக்குதல். கைதட்டல் இருக்காது என்று முன்பே நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டுவிடுங்கள். அடுத்து பெயர்கள். பெயர், வயது, கொல்லப்பட்ட இடம் என்று நிதானமாகப் படித்தால் நூறு பெயருக்குப் பத்து நிமிடம் ஆகும். வாசிப்பவர்கள் உச்சரிப்பை முன்கூட்டியே பழக வேண்டும். பெயரைத் தடுமாறிச் சொல்வது குடும்பத்தாருக்கு வலிக்கும். பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் வெட்டாதீர்கள், உரைகளை வெட்டுங்கள். நகரத் தலைவர்களும் விருந்தினர்களும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசத் தேவையில்லை.

இறந்தோரை நினைத்துச் சொல்லும் காதீஷ் ஜெபம் யூதர்களுடையது. அதைச் சொல்ல மரபுப்படி பத்துப் பேர் வேண்டும்; அவர்கள் வந்து, அவர்கள் விரும்பினால், அவர்கள் சொல்வார்கள். தேவாலயப் பாடகர் குழு அதைப் பயிற்சி செய்து பாடுவது அன்பினால் செய்தாலும் அத்துமீறல். இறந்தோருக்கான எபிரேய மன்றாட்டைப் பாட ஒரு யூதப் பாடகரை அழைக்கலாம். அப்போது சபையார் எழுந்து நின்று அமைதியாகக் கேட்பதே அவர்களுடைய பங்கு. கிறிஸ்தவர்கள் செய்ய வேண்டிய ஜெபம் பாவ அறிக்கை. யூதர்கள் மனந்திரும்ப வேண்டும் என்ற சாயல் எந்த வரியிலும் இருக்கக் கூடாது. யோவான் நற்செய்தியின் பாடுகளின் பகுதியும், "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும்" என்று வரும் மத்தேயு 27ஆம் அதிகாரமும் பல நூற்றாண்டு வன்முறைக்குக் காரணம் காட்டப்பட்டவை. அன்று அவை வாசிக்கப்படக் கூடாது. கத்தோலிக்கப் பங்குகளில் தீர்த்தம் தெளிக்கலாமா என்ற கேள்வி எழும். யூத இறந்தோரின் நினைவின்மேல் திருமுழுக்கை நினைவூட்டும் நீர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அர்ப்பண வார்த்தைகள் போதும்.

யூதராய்ப் பிறந்து கன்னியரான எடித் ஸ்டைனை முன்னிறுத்தலாமா என்றும் கேட்பார்கள். அவர் 1942 ஆகஸ்ட் 9 அன்று ஆவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். 1998இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த அறிவிப்பு பல யூதர்களைப் புண்படுத்தியது. அவரைக் கொன்றவர்கள் யூதப் பெண் என்பதற்காகவே கொன்றார்கள். அவரைக் குறிப்பிட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரை மட்டுமே குறிப்பிடாதீர்கள்.

மலர்வளையத்துக்குப் பதில், யூதக் கல்லறைகளில் செய்வது போலச் சிறு கற்களை வைக்க ஏற்பாடு செய்யலாம்; ஒரு கூடை நிறையக் கூழாங்கற்கள் வாசலில் இருக்கட்டும். பின்னர் தரும் சிற்றுண்டி கோஷெர் எனப்படும் யூத உணவு விதிப்படி இருக்கட்டும். முடியாவிட்டால், முத்திரையிட்ட பொட்டலங்களும் முழுப் பழங்களும் பாதுகாப்பானவை. தப்பிப் பிழைத்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். முதுகு சாயும் நாற்காலி, கதகதப்பான அறை, காது கேளாதோருக்கான ஒலிக்கருவி, அருகிலேயே கழிவறை இவற்றைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். காவல்துறையிடம் பல வாரம் முன்பே தெரிவியுங்கள். யூத விருந்தினர்களுக்குப் பாதுகாப்பு என்பது ஐரோப்பாவில் இன்று சம்பிரதாயக் கேள்வி அல்ல.

9. மறுநாள் முதல்

வெண்கலத்தை உள்ளே வைத்திருந்தால் மென்மையான உலர்ந்த துணியால் தூசி துடைத்தால் போதும். வெளியே என்றால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, பழுதுபார்ப்பு வல்லுநர் சொல்லும் மெழுகுப் பூச்சு. பித்தளைப் பாத்திரம் துலக்கும் பசை எதையும் தொடவிடாதீர்கள். அது சிற்பி தந்த நிறப்படலத்தை உரித்துவிடும். யாராவது சாயம் பூசினாலோ சின்னம் கீறினாலோ உடனே தேய்க்க வேண்டாம். படம் எடுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள், யூதச் சபைக்குச் செய்தித்தாள் மூலம் தெரியும் முன் நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள், பிறகு வல்லுநரை அழையுங்கள்.

ஆய்வில் சேர்ந்த கடிதங்கள், பெயர்ப் பட்டியல், கூட்டக் குறிப்புகள், சிற்பியின் ஒப்பந்தம் எல்லாவற்றின் பிரதியும் சபை ஆவணத்தில் ஒன்று, நகர ஆவணக் காப்பகத்தில் ஒன்று, யூதச் சபையிடம் ஒன்று இருக்க வேண்டும். போதகர் மாறுவார், குழு மாறும். புதிதாக வருபவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலில் சிற்பத்தின் பராமரிப்பும் ஆண்டு நினைவு நிகழ்வும் பெயர் குறித்து எழுதப்பட்டிருக்கட்டும். திறப்புக்குப் பின் புதிய பெயர்கள் கண்டிப்பாக வெளிவரும். எங்கோ ஒரு பேரன் கடிதம் எழுதுவான். அதற்காகப் பலகையில் இப்போதே வெற்றிடம் விட்டு வையுங்கள்.